மதலேனாள் மட்டும்

காலை ஆறே முக்காலுக்கு கில்பர்ட் கேட்டில் தொங்கிய கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தார். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இந்த வாரம் யார் வீட்டில் என்று எழுதுவதற்காகப் பங்குச் சாமியார் கொடுத்த பலகை. கோயிலையே பூட்டிவிட்ட பிறகு யார் வீட்டில் கூடுவது? ஆனால் பலகை சும்மா தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. இடப்பக்கம் பிரான்சு, வலப்பக்கம் இந்தியா, கீழே சிறிய எழுத்தில் இத்தாலியும் ஜெர்மனியும். அந்தந்த நாட்டில் நேற்று வரை கொரோனாவில் செத்தவர்களின் எண்ணிக்கையைச் சாக்பீசால் போடுவார். நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். வராதவர்களைக் குறித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச வில்லியனூர்ப் பக்கம் ஆளில்லை.

அடுப்படி ஜன்னல் வழியாக மதலேனாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்க எண் இன்றைக்கும் பெருத்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவள் மகள் இருந்தாள்.

கில்பர்ட்டின் அப்பா சைகோன் வரை போய்வந்த சொல்தா. அந்தப் பட்டாளத்துச் சேவையால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மார்ச் மாதம் ஊரடங்கு போட்டதும் கில்பர்ட் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார். "இங்க ஒருத்தன் தும்முனா ஊரே காலி. நம்ம கவர்மெண்டு நம்பள வுட்ராது, பிளைட்டு அனுப்பும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நம்ம கவர்மெண்டு என்றால் பாரிசில் இருப்பது. மூன்றே வாரத்தில் இடப்பக்க எண் பத்தாயிரத்தைத் தாண்டியது. வலப்பக்கம் இன்னும் சில நூறுகளில்தான் நின்றது. பெட்டி மறுபடி பரண் ஏறியது. "நம்ம ரத்தம் வேறப்பா. மொளகு ரசம் ஊறுன ஒடம்பு. வெள்ளக்காரனுக்கு ஏது?" என்றார். 'நம்ம' என்பது இதற்குள் சத்தமில்லாமல் கடல் தாண்டி வந்திருந்தது.

எதிர்வீட்டுக் கண்ணையன்தான் இதையெல்லாம் கவனித்துச் சொல்கிறவர். அவருக்கு வீடு இந்தப் பக்கம், நெல் போட்ட நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள். நடுவில் போலீசு மூங்கில் கட்டிவிட்டதால் தன் பயிரைத் தானே எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

"முசியே, என் வூடு பாண்டி கணக்கு, கொல்லை தமிழ்நாட்டுக் கணக்கு. எல்லை வரப்புல நான் வுழுந்து செத்தா எந்தப் பக்கம் எழுதுவ?"

கில்பர்ட் நிஜமாகவே யோசித்தார். "தல எந்தப் பக்கம் கெடக்குதோ அந்தப் பக்கம்."

அன்று காலைதான் பிரெஞ்சுக் கான்சுலேட்டிலிருந்து மெயில் வந்தது. சனிக்கிழமை சென்னையிலிருந்து தனி விமானம். வருகிறவர்கள் மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும். கில்பர்ட் மெயிலை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

மகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு எட்டாம் மாதம். மருமகன் லூர்து பிரகாஷ் ஐந்து நாளாக அங்கே கொரோனாவோடு ஆஸ்பத்திரியில், பார்க்க விடுவதில்லை. முந்தின நாள் வீடியோவில் ஜெனிபர் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "ஒண்ணுமில்லம்மா. லிப்டு ரிப்பேரு. மளிகைய தூக்கினு நாலு மாடி ஏற முடியல, அவ்ளோதான்." அந்த 'அவ்ளோதான்' மதலேனாளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

"புள்ள தனியா இருக்குதுங்க" என்றாள்.

"அங்க போயி இன்னா பண்ணுவ? பலகைல நீயும் ஒரு நம்பராயிடுவடி."

"எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

கில்பர்ட் சாக்பீசை வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

ஒரு நாட்டில் ஏன் அத்தனை பேர், இன்னொன்றில் ஏன் இத்தனை பேர் என்பதற்கு அவரிடம் தினம் ஒரு காரணம் இருந்தது. வெயில், பி.சி.ஜி. ஊசி, கும்பிட்டு வணக்கம் சொல்வது. மதலேனாளுக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. மிளகு ரசத்தை ஜெனிபர் அங்கேயும்தான் வைத்தாள். பிரகாஷ் டம்ளர் டம்ளராகக் குடித்தான். இந்தப் பக்கம் நோய் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதானோ என்றும் தோன்றியது. சொன்னால் வாய் வைக்காதே என்பார். போகாவிட்டால் மகள் பிள்ளைவலியோடு தனியாகப் படியிறங்குவாள் என்பது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கு மெயிலில் இருந்த நம்பரை அவளே போட்டாள்.

கில்பர்ட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூரும் மெர்சியும். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் கொடியேற்றத்தில் மற்றவர்கள் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். மதலேனாளோ கல்யாணத்துக்கு முன் டவுனில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் எட்டு வருடம் சமையல் செய்தவள். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. சொல்தா குடும்பத்துக்கு அது கௌரவக் குறைச்சல். வெண்ணெயும் வெங்காயமும் கேட்டுப் பழகிய பிரெஞ்சு இப்போது தட்டுத் தடுமாறி வெளியே வந்தது. மகள், எட்டு மாதம், தனியாக. எத்தனை பேர் என்று அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

"உய்ன் பெர்சோன்" என்றாள் மதலேனாள். ஒரே ஆள். கணவரா? இல்லை. நான் மட்டும்.

திரும்பியபோது கில்பர்ட் கதவோரம் நின்றிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். சாயங்காலத்துக்குள் பெட்டியைப் பரணிலிருந்து அவரே இறக்கி, தூசு தட்டி வைத்திருந்தார். நிலைமை கேட்டு எட்டிப் பார்த்த கண்ணையன், "போய்ட்டு வா தங்கச்சி. முசியேவ நான் பாத்துக்குறேன், ரசம் வெக்கத் தெரியும்ல அவருக்கு?" என்றார்.

சனிக்கிழமை விடியற்காலையில் கார் திருபுவனையைத் தாண்டியது. கம்பெனி கேட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பாஸ் டிரைவருக்கும் ஒரு பயணிக்கும்தான்; கில்பர்ட் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். எல்லைத் தடுப்பில் போலீஸ்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கை காட்டினார்.

"அவரு யாரும்மா?"

"வூட்டுக்காரரு. வரல."

மூங்கில் உயர்ந்தது, கார் நுழைந்தது, மூங்கில் இறங்கியது. அப்போதுதான் கில்பர்ட் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. பிரான்சின் நேற்றைய எண்ணைத்தான் சொல்லப்போகிறார் என்று மதலேனாள் நினைத்தாள்.

"மதலேன்! குக்கர்ல அரிசிக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்?"

டிரைவர் கியர் போட்டுவிட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, நுனியிலிருந்து முதல் கோட்டில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். "அரிசிக்கு மேல இவ்ளோ!" பாதியை மாஸ்க் விழுங்கிக்கொண்டது.

கார் வேகமெடுத்தது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் கில்பர்ட் தன் விரலை நிமிர்த்தியிருந்தார். கட்டைவிரல் இரண்டாவது கோட்டில் இருந்தது. சோறு குழைந்துவிடும். அவள் நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள். கட்டைவிரல் கீழே அல்ல, மேலே, மேலே என்று கையை ஆட்டினாள். சரிதானே என்று கேட்பதுபோல, கையை அப்படியே அவர் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.