முன்கூட்டிய ஸ்தோத்திரம்

என் தம்பி ஜெபகுமாரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாரும் அவனைச் சுறுசுறுப்பானவன் என்றார்கள். 'அன்றைய வேலையை அன்றே முடிப்பவர்' என்று ஒருவர் சொன்னார். குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு இப்படிப் புளுக ஒரு துணிச்சல் வேண்டும். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள். அழுதேன்தான், ஆனால் அந்த வாக்கியத்துக்காக இல்லை. செத்துப்போனவன் எப்படி இருந்தானோ அப்படியே ஒருத்தராவது எழுதி வைக்க வேண்டாமா?

1991-இல் அவன் பிளஸ் டூ படித்தான். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. நான் சொல்லப்போவது அதற்கு முன்னால், மார்கழி முடிந்து தை பிறந்த சமயத்தில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய எங்கள் ஊர் பென்னலூரில் அப்போது எங்களுக்குத் தெரிந்த கம்பெனி, அப்பா சாம்சன் வேலை பார்த்த கல் உடைக்கிற கிரஷர் ஒன்றுதான். உடம்பெல்லாம் ஜல்லித் தூசியோடு வருவார், இருமி முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். தன் பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளை என்றால் தம்பி. பத்தாவதில் அவனைவிட நல்ல மார்க் வாங்கிய நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதுவும் உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

தம்பியின் வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே நின்றது பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. லேபில் செய்த சோதனைகளை ஏற்கனவே இன்னொரு நோட்டில் குறித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து, வலப்பக்கம் பேனாவாலும் இடப்பக்கம் பென்சில் படமாகவும் ரெக்கார்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாதவனை பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். அதோடு அந்த வருஷமும் போய்விடும். இதில் மூளைக்கு வேலையே இல்லை. தன் நோட்டைப் பார்த்துத் தானே காப்பியடிக்க வேண்டும். காப்பியடிப்பதைக்கூட ஒத்திப்போட்டவன் என் தம்பி.

சும்மா ஒத்திப்போட்டான் என்று சொன்னால் அது அவன் உழைப்பை அவமதிப்பது ஆகும். நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டான். அட்டை சுருங்கியிருக்கிறது என்று பிரித்து மறுபடி போட்டான். பொருளடக்கப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு கிழித்து, எல்லாச் சோதனையின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதினான். எழுதப்படாத பக்கங்களுக்கு அவ்வளவு துல்லியமான எண். பென்சில்களைச் சீவி, நீளவாக்கில் அடுக்கினான். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று கிரிக்கெட் ஆடப் போனான்.

"எழுதலியாடா?" என்று கேட்டால், "மூடு வரட்டும்க்கா. உக்காந்தன்னா ஒரே மூச்சு" என்பான்.

"மூச்சு உட்டுகினுதான கீற. எழுத வேண்டியதுதான?"

"உனக்கு பிசிக்ஸ் தெரியாது, சும்மா இரு."

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி எங்கள் சபையில் ஆராதனை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கூடம், மூங்கிலில் கட்டிய சீரியல் பல்பு. பாஸ்டர் சாட்சி சொல்லக் கூப்பிடுவார். கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். எங்கள் சபைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கிடைக்காத ஒன்றுக்குக் கிடைத்துவிட்டதாகவே முன்கூட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். அதற்கு விசுவாசம் என்று பெயர். அன்று ரத்தினம் அக்கா, மாப்பிள்ளையே பார்க்காத மகளின் கல்யாணத்துக்கு நன்றி சொன்னாள். அவள் உட்கார்ந்ததும் என் தம்பி எழுந்தான்.

"பிசிக்ஸ் ரெக்கார்டு முழுசும் எழுதி முடிக்கக் கர்த்தர் எனக்குக் கிருபை செஞ்சார். ஸ்தோத்திரம்!"

கூடமே கை தட்டியது. அம்மா மெர்சி முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா, ஒரு பக்கம் எழுதினியா?"

"விசுவாசத்துல சொன்னேன்க்கா."

"விசுவாசத்துல மை கீதா, கொட்டி எழுத?"

"உனக்கு ஆவிக்குரிய விஷயமே புரியாது."

அதன்பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நிஜமாகவே எழுதி முடித்தவன் முகம். பொங்கல் விடுமுறை முழுக்க நன்றாகத் தூங்கினான். முடித்துவிட்ட பிள்ளையை அம்மாவும் எழுப்பவில்லை.

இந்த அற்புதத்தைக் கலைக்க வந்தவன் பாபு. அதே வகுப்பு, அதே சபை. அவனும் எழுதாத கூட்டம்தான், ஆனால் அதை மறைக்காத யோக்கியன். வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மச்சான், ரெக்கார்டு குடுடா, பாத்து எழுதிட்டுத் தரேன்" என்றான்.

"அது... தணிகாசலம் சார்கிட்ட கீதுடா. திருத்தறாரு" என்றான் என் தம்பி.

பாபு நேராக சாரிடம் போய், "ஜெபகுமார் ரெக்கார்டை ஒரு நாள் குடுங்க சார்" என்று கேட்டுவிட்டான். பிசிக்ஸ் சார் தணிகாசலம் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் வகுப்பில் தம்பியை எழுப்பி, "முடிச்சிட்டியாமே? ஊரெல்லாம் சொல்றாங்க. சந்தோஷம். மத்தவங்களுக்கு மாச கடைசி. நீ மட்டும் திங்கட்கிழமை கொண்டா. முதல் கையெழுத்து உனக்குத்தான்" என்றார். கர்த்தருக்குச் சொன்ன முன்கூட்டிய நன்றிக்கு முன்கூட்டிய கெடு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை அவன் கொண்டுபோன நோட்டில் முதல் சோதனை மட்டும் இருந்தது. தனி ஊசல். குண்டுக்கு ஷேடிங்கெல்லாம் அடித்து, தொட்டால் ஆடும்போல வரைந்திருந்தான். மற்ற பக்கங்களை வெள்ளையாக விட்டிருந்தான். சார் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார். அப்பாவுக்கு ஷிஃப்ட். அம்மாவும் நானும் போனோம்.

அம்மா வெற்றுப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "சார், இவன் சபையில சாட்சி சொன்னான் சார். நான் என் காதால கேட்டேன்."

"ஏம்மா, நான் சாட்சிக்கா கையெழுத்துப் போடறேன்? எழுதினதுக்குத்தான போடறேன்" என்றார் சார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, மத்தவங்களோட நீயும் அடுத்த திங்கள் காலையில கொண்டா. அதுதான் கடைசி. அன்னைக்கு ஒரு சோதனை குறைஞ்சாலும் பிராக்டிகலுக்கு வராத" என்று அவனைப் பார்த்துச் சொன்னார்.

வருஷம் போய்விடுமே என்று அம்மா அழவில்லை. தேவ சமுகத்தில் பொய் சொல்லிவிட்டானே என்றுதான் வழியெல்லாம் அழுதாள். "ஞாயித்துக்கெழம சபையில எழுந்து உண்மையச் சொல்லணும். இன்னா?"

"அடுத்த வாரம் சொல்றேன்மா."

"வர்ற வாரம்!"

அந்த வாரம் நான் மெஷினை அவன் பாய்க்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவன் எழுந்தால் நானும் எழுவேன். தண்ணீர் கேட்டால் சொம்பு பக்கத்தில் இருக்கும். "ஜெயில் வார்டன்" என்று திட்டினான். திட்டிக்கொண்டே எழுதினான். ஓடினால் ஓடுகிற கைதான். சனிக்கிழமை பொழுது சாயும்போது கடைசிச் சோதனைகள் கொஞ்சம் மட்டுமே பாக்கி. ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

ஞாயிறு காலை சபையில் எழுந்து உண்மையைச் சொன்னான். அழுதுகொண்டே அழகாகத்தான் சொன்னான். யாராவது ஒருவர் அவனைக் கடிந்துகொண்டிருக்கலாம். அதற்குப் பதில் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். 'தம்பிக்கு சத்துரு தடை பண்றான், வீட்டுக்கே போய் ஜெபிப்போம்' என்று பாஸ்டர் கிளம்பினார். பின்னாலேயே பெண்கள் சங்கமும் வந்தது. மத்தியானம் முழுக்க எங்கள் ஒரே அறையில் பாட்டும் கைதட்டலும். சத்துரு எங்கே என்று யாராவது கேட்டிருந்தால், அறை நடுவே கண்ணை மூடி முழங்காலில் நின்றவனைக் காட்டியிருப்பேன். கடைசியில் பாஸ்டர் ஜெபித்த எண்ணெய் பாட்டிலை எடுத்து, தம்பியின் வலது கையில் முழங்கைவரை தாராளமாகப் பூசி, "இந்தக் கை எழுதும்!" என்றார்.

அவர்கள் டீ குடித்துப் போனபிறகு நோட்டை விரித்துக் கொடுத்தேன். கை வைத்த இடமெல்லாம் தாள் கண்ணாடியானது. அதன்மேல் பேனா வழுக்கியது. மை ஒட்டவில்லை.

"போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாடா."

அவன் எழவில்லை. அம்மாதான் பதறினாள். "அபிஷேக எண்ணெயக் கழுவறதா? வாய கழுவுடி நீ. தானா காயட்டும்."

"காஞ்சதும் எழுதறேன்க்கா" என்றான் தம்பி, ரொம்ப பக்தியாக.

"தேங்கா எண்ணெய்மா அது. எப்பக் காயும்?"

"அப்ப நீ எழுதேன். உன் கையெழுத்துதான் முத்து மாதிரி கீதே" என்றாள் அம்மா.

"நான் எழுதறேன். பரீட்சைக்கும் நானே போறேன். காலேஜுக்கும் போறேன். சரியா?" என்றேன். அவன் எண்ணெய்க் கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

திங்கள் காலை தணிகாசலம் சார் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாராம். பாபு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். "மிச்சம்?" என்றார். "நாளைக்கு சார்" என்றான் இவன். "நாளைக்கு நான் வருவேன். நீ வர வேண்டாம்" என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, "போச்சுக்கா" என்றான். எனக்கு ஊசி கையில் நின்றுவிட்டது. இப்போது அழுவான், முதுகில் நாலு வைத்துவிட்டுத் தேற்றலாம் என்று காத்திருந்தேன். அவன் வானத்தைப் பார்த்து யோசித்தான்.

"ஆனா ஒண்ணு பாத்தியா? அடுத்த வருசம் ரெக்கார்டுல முக்காவாசி இப்பவே ரெடி. வேற எவனாவது ஒரு வருசம் முன்னாடியே எழுதி வச்சிருக்கானா?"

அவன் முகத்தில் நிஜமான பெருமை. பதினேழு வயசு முகம், கன்னத்தில் பென்சில் கரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனும் சிரித்தான். உள்ளேயிருந்து அம்மா, "இன்னாடி அங்க இளிப்பு?" என்று கத்தினாள்.

"அப்பாகிட்ட யாருடா சொல்றது?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்க்கா. இன்னைக்கு ஓவர்டைம் பாத்துட்டு அசந்து வருவாரு."

அவன் கரிசனம் எனக்குத் தெரியாததா? அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே நான் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அன்றைய வேலையை அன்றே செய்ய ஒருத்தியாவது வேண்டாமா? அவர் இமையில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார். அடிக்கவில்லை. "காலையில கிரஷருக்கு அவனையும் எழுப்பு. ரெண்டு பேருக்கும் சோறு கட்டு" என்று மட்டும் சொன்னார்.

விடிவதற்கு முன்னால் எழுப்பினேன். "நாளையிலேருந்து போறேன்பா" என்று பாயைச் சுருட்டாமலே சொன்னான். அப்பா சைக்கிள் மணியை அடித்தார். அவன் கேரியரில் ஏறினான். இருப்பதிலேயே பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் சொன்னவுடனே செய்திருந்தான்.