மண்ணில்லாத் தோட்டத்தில் புழுவில்லாத் தண்ணீர்

1

மனிதகுலத்தின் மேலான கவனத்திற்கு: மண்ணின் தேவை முடிந்துவிட்டது. சென்ற புதன்கிழமை காலை, ஒரு மூன்றாம் மாடி பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இது நிரூபிக்கப்பட்டது. உழவர்கள் பதற வேண்டாம். விவரம் கீழே.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தானைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகத் தங்கியிருக்கிறேன். கிண்டல் அரைப் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதி அரைப் பக்கத்தில் அத்தான் நின்றுகொண்டிருக்கிறார், நகர மாட்டேன் என்கிறார்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்:

"பச்சை என்பது வெறும் நிறமல்ல. அது ஒரு—"

[அது ஒரு என்ன என்று யோசித்ததில் டீ ஆறிவிட்டது. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை:

அத்தான் கொசு ஒழிப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் அவர் செய்தது ஒன்றுதான். அடுத்தவர் வீட்டுக்குள் போவார், தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார், கொட்டுவார். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எதுவும் தப்பாது. கொசுப்புழு இருந்தால் கதவில் சிவப்பு நோட்டீஸ். அவர் வரும் தெருவில் நாய்கூடத் தண்ணீரை அவசரமாகக் குடித்து முடிக்கும்.*

(* நாய் என் சேர்க்கை.)

ஓய்வு பெற்ற மறுவாரமே அக்காவின் சமையலறையில் நின்று ஒவ்வொரு பாத்திரமாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஊறவைத்த பயறைக் கொட்டினார். அன்று அக்கா சொன்னாள்:

"இத்தனை வருஷம் ஊர்ல இருக்கறதையெல்லாம் கொட்டியாச்சு. இனிமே எதையாவது வளர்த்துப் பாருங்களேன்."

எரிச்சலில் சொன்னது. அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

3

கதாபாத்திரத்தை விடச் சாமான்களை நம்பலாம். எனவே ஹைட்ரோபோனிக்ஸ் என்கிற மண்ணில்லாத் தோட்டத்துக்கு அத்தான் வாங்கிய சாமான்கள்: நீளமான பிவிசி பைப், அதில் வரிசையாகத் துளைகள், துளைகளில் சல்லடைக் கிண்ணங்கள், கிண்ணங்களில் சுட்ட களிமண் உருண்டைகள், நடுவில் லெட்யூஸ் என்கிற சாலட் கீரை நாற்று. கீழே ஒரு தொட்டி, அடியில் வடிகுழாய். தொட்டித் தண்ணீரை மேலே ஏற்ற ஒரு பம்பு. செடிக்குச் சாப்பாடாக ஏ, பி என்று இரண்டு பாட்டில் சத்துக் கரைசல். சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர். தொட்டிக்குக் கறுப்பு மூடியும் வந்தது. அத்தான் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்.

"மூடி வச்சா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படி மாப்ளே தெரியும்?"

கரைசலை ஞாயிறு மாலை மட்டும் ஊற்ற வேண்டும், கூடினால் வேர் கருகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அத்தான் விதி மீறாதவர். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, கோடு வரைக்கும்தான் ஊற்றினார். ஆனால் திங்கள் காலை மீட்டரைத் தொட்டியில் விட்டால் வெறும் குழாய்த் தண்ணீர்க் கணக்கு. செவ்வாயும் அதே. செடிகள் வெளிறி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை போல நின்றன. அவர் புது மீட்டர் வாங்கினார். அதுவும் அதையே சொன்னது.

"ரெண்டு மீட்டரும் ஒரே கம்பெனி மாப்ளே. பேசி வச்சிருக்கானுங்க."

4

செவ்வாய் காலை நான் கண்ணால் பார்த்தது: அத்தான் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தார். எதிர் மாடியைப் பார்த்தார். குனிந்தார். வடிகுழாயைத் திறந்தார். தொட்டி காலியானதும் மூடிவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தியதுதான் தாமதம், அக்கா இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தாள்.

"தினமுமா?" என்றேன்.

"தினமும்தான். கை பாட்டுக்குச் செய்யுது. அவருக்குத் தெரியாதுடா."

"சொல்லிடேன்கா."

"என்னன்னு சொல்ல? நீங்க வளர்க்கறதை நீங்களே கொட்டறீங்கன்னா? காலையில எந்திரிச்சதும் இந்தச் செடிகிட்டதான் மனுஷன் முதல்ல பேசறாரு. அதுக்கப்புறம்தான் என்கிட்ட."

"சரி, மருந்தையாவது நீ கொஞ்சம் ஊத்தலாமே?"

"பாட்டில்ல கோடு போட்டு வச்சிருக்காரே, பார்க்கல?"

5

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் தன் தொட்டியைத் தானே தினமும் காலி செய்வானா, அதுவும் தெரியாமல்? கற்பனைப் பாத்திரமாக இருந்தால் மாற்றியிருப்பேன். பம்பில் ஓட்டை, பொறாமைப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் என்று ஏதாவது வைத்திருப்பேன். ஆனால் அவர் அத்தான். அத்தான்களைத் திருத்தி எழுதும் உரிமை எந்த எழுத்தாளருக்கும் கிடையாது.

6

புதன்கிழமை புதிய ஆய்வாளர் வந்தார். முன்பு அத்தானுக்குக் கீழே வேலை பார்த்தவர். கட்டடம் முழுக்கச் சோதனை. அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு பால்கனியில் விறைப்பாக நின்றார். திறந்த தொட்டி. ஒரே ஒரு புழு நெளிந்தாலும், ஊர்க் கதவிலெல்லாம் ஒட்டிய சிவப்பு நோட்டீஸ் அவர் கதவிலேயே. அக்கா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

ஆய்வாளர் டார்ச் அடித்தார். வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளிப் பார்த்தார். மறுபடி அள்ளினார்.

"சார், கீழ் வீட்ல பூந்தொட்டித் தட்டுல நெளியுது. இங்க ஒண்ணுமே இல்லையே? இந்தத் தண்ணி எத்தனை நாளா நிக்குது?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

"மூடாமலா? எப்படி சார்?"

அத்தான் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஹைட்ரோபோனிக்ஸ்," என்றார்.

7

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் பின்னாலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் அத்தானின் சொற்பொழிவு: "கொசு அண்டாத நீர்த் தோட்டம்". பன்னிரண்டு குடும்பங்கள் தொட்டிக்குச் சொல்லிவிட்டன. மூடி வேண்டாம் என்று அத்தானே கடைக்காரருக்குப் போன் செய்தார். நீண்ட நாளைக்குப் பிறகு அவர் குரலில் பழைய அதிகாரம் கேட்டது. சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்:

"பார்த்தியா? வளர்க்கவும் தெரியும்."

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இனி முடிவுகள்.

முடிவு அ: தினமும் நீங்களே கொட்டுவதால்தான் புழு இல்லை என்று நான் அத்தானிடம் சொல்லிவிடுகிறேன். கட்டடம் தப்பிக்கும். அத்தான் தன் கைகளைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து— [மேலே எழுத முடியவில்லை.]

முடிவு ஆ: யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு தொட்டியிலும் புழு. வீடு வீடாகக் காய்ச்சல். பழைய ஆய்வாளரைக் கூப்பிடுங்கள் என்கிறார்கள். அத்தான் டார்ச்சுடன் படியேறி ஒவ்வொரு தொட்டியாகக் கொட்டுகிறார், ஆனந்தமாக. [அமைப்பு அழகாக இருக்கிறது. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.]

முடிவு இ: அக்கா பரணிலிருந்து மூடியை எடுத்து அவர் கையில் கொடுக்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை. அவர் புரிந்துகொள்கிறார். [அத்தான் எதையும் இப்படிப் புரிந்துகொண்டதில்லை.]

இன்று ஞாயிறு. நாற்காலிகள் மாடிக்குப் போய்விட்டன. வாசகரே, உங்களுக்கு வேறு முடிவு தோன்றினால் ஐந்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், என்னால் ஆகவில்லை. அத்தான் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறார். சொற்பொழிவு முடிந்ததும் எல்லாருக்கும் தோட்டத்து லெட்யூஸ் என்று அழைப்பில் போட்டிருக்கிறது.

அக்கா லெட்யூஸ் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.