பணிப்பாளருக்கு எல்லா அதிகாரமும்

செங்கலடியிலிருந்த அந்த நிவாரண அலுவலகத்தில் உட்காரும் கதிரைகளைவிடப் பதவிகள் அதிகம். பணிப்பாளர் வினாயகமூர்த்திக்கு மட்டும் மூன்று. போதாததற்குச் சமாதான நீதவான் பட்டம் வேறு. சுனாமிக் குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கிய அன்றே, "பணிப்பாளருக்குப் பார்க்க மட்டும் அனுமதியா? எல்லா அதிகாரமும் போடு பிள்ள" என்றார். கணினிப் பொறுப்பாளர் சப்னா போட்டுக் கொடுத்தாள். கடவுச்சொல்லை அவர் லெமினேட் செய்து, மேசையில் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்.

இப்போது 2007. யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த மாங்கேணிச் சனமும் அதே பட்டியலில். நேற்று நம்பர் தகடில்லாத மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பதினாறிலிருந்து இருபது வயதுவரையான பிள்ளைகளின் பெயரும் முகாமும் வேண்டுமாம். ஆயுதம் தூக்கப் பிள்ளை பிடிக்கிற காலம்; எதற்கென்று கேட்குமளவுக்கு அப்பாவிகள் ஊரில் இல்லை. "எல்லாம் என்ர விரல் நுனியில. நாளைக்கு நாலு மணிக்கு வாங்க" என்றார் பணிப்பாளர். பயமா, பெருமையா, அவருக்கே தெரிந்திராது.

அலுவலகத்தில் தேநீர் போடும் கண்ணகையும் மாங்கேணிக்காரி. அவள் மகள் பிரஷாந்திக்குப் பதினேழு.

இன்று மூன்றரைக்குச் சப்னா தன் அறைக் கதவைச் சாத்தினாள். பணிப்பாளரின் கணக்கிலிருந்து அதிகாரம் அத்தனையையும் பிடுங்கினாள். தன்னுடையதையும் பிடுங்கினாள். மிஞ்சியது, எல்லோருக்கும் அதிகாரம் கொடுக்கும் தலைமைக் கணக்கு. அதன் கடவுச்சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தாறுமாறாகத் தட்டி மாற்றிவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறினாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பிடுங்கிய அதிகாரம், ஆள் அடுத்தமுறை கணக்குக்குள் நுழையும்போதுதான் இல்லாமல் போகும். ஏற்கனவே உள்ளே இருப்பவருக்கு எல்லாம் திறந்தே கிடக்கும். பணிப்பாளரோ காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைத்த கையோடு உள்ளே நுழைந்தால் அலுவலகம் மூடும்வரை வெளியேறாதவர். அவரைத் துண்டிக்கும் அதிகாரம் இனி அவளிடமும் இல்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்னகா, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?" தேநீர்த் தட்டோடு கதவைத் திறந்தாள் கண்ணகை.

"சேர்ர கொம்பியூட்டர் ஒருக்கா நிண்டாப் போதும், அக்கா. பிள்ளையள்ற பேர் வெளியில போகாது."

கண்ணகை தட்டை வைத்துவிட்டுக் கூட்டும் தும்புத்தடியை எடுத்தாள்.

வந்தவர்கள் உட்காரவில்லை. பணிப்பாளர் சுட்டியில் கைவைத்தபோது மேசைக்கடியில் தும்புத்தடி புகுந்தது. திரை இருண்டது.

"கூட்டுற நேரமா இது?"

"எறும்பு, ஐயா."

சமாதான நீதவான் தானே குனிந்து வயரைச் செருகினார். கணினி உயிர்பெற்றது. கடவுச்சொல் அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்தார். அனுமதி இல்லை. மறுபடியும் அடித்தார். இல்லை.

வந்தவர்களில் உயரமானவன், அறை வாசலில் நின்ற சப்னாவைப் பார்த்தான். "நீ திற."

அடித்தாள். அவளுக்கும் இல்லை.

"ஆர் பூட்டினது?" அவன் கை இடுப்புக்குப் போயிற்று.

 பணிப்பாளர் நெற்றியைத் துடைத்தார். தன் அலுவலகத்தில் தன்னைக் கேளாமல் ஒரு பூட்டு விழுந்ததென்று அந்நியர் முன்னால் ஒப்புக்கொள்வது அவரால் ஆகாத காரியம்.

"நான்தான்" என்றார். "என்ர உத்தரவு. கொழும்பில இருந்து ஆள் வந்துதான் திறக்கோணும்."

 உயரமானவன் லெமினேட் அட்டையை எடுத்து, இரண்டாக மடித்து, அவர் சட்டைப்பையில் செருகினான். "திரும்பி வருவம்."

மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தியைத் தாண்டித் தேய்ந்தது.

"பிள்ள" என்றார் பணிப்பாளர், குரலைத் தாழ்த்தி. "நான் போட்ட பூட்டுக்கு என்ன கடவுச்சொல்?"

"எனக்கும் தெரியா, சேர். கண்ண மூடிட்டு அடிச்சன்."

பணிப்பாளர் மடிந்த அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நிமிர்த்தினார்.

"ஆரும் கேட்டா, அதுவும் நான் சொல்லித்தான் செய்த எண்டு சொல்லு."

கண்ணகை அவருக்குத்தான் முதல் தேநீரை வைத்தாள்.