கோட்டைப் படம் மாட்டிய வீடு

அண்ணன் மகள் ஸ்ரீமதிக்கு வந்த சம்பந்தத்தை முடிவு செய்ய, நாகல் நகரில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள் ராக்கம்மாளும் அண்ணன் கண்ணுசாமியும். பிடித்திருந்தால் அங்கே கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சோறு உள்ளே போய்விட்டால் சம்பந்தம் உறுதி, அப்புறம் பின்வாங்க முடியாது. சின்னாளபட்டியில் பஸ் ஏறும்போதே சொல்லித்தான் கூட்டிவந்தாள்: "நான் தலையாட்டாம இலையில கை வைக்காதண்ணே."

சொல்லி என்ன! கூடத்துக்குள் நுழைந்ததுமே மனுசன் வாயைப் பிளந்துவிட்டார். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். தண்ணீர் சூழ்ந்த கோட்டை, பாலம், மாடு, நாய், சனம். கொடைக்கானலில் ஏதோ பங்களா ஏலத்தில் எடுத்ததாம். பையனின் அப்பா, ஜவுளிக்கடை நாச்சிமுத்து, சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி அதன் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். ஊதுபத்தி வேறு. கருமம்!

"முந்நூறு வருசத்துக்கு முந்தி டச்சுக்காரன் வரைஞ்சதோட காப்பி" என்றார் நாச்சிமுத்து. "கோட்டையில அன்னாடம் நடக்குறதை அப்படியே போட்டிருக்கான். இந்தா குதிரையில வாராரு பாருங்க, இவருதான் ராஜா. நம்ம வீடும் கோட்டைதான். உங்க பொண்ணு ராணி மாதிரி இருக்கலாம்."

"ஆமா, ஆமா" என்றார் கண்ணுசாமி. பூம்பூம் மாடு தோற்றது.

ராக்கம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். "ராணியைக் காணோமே?"

உண்மையிலேயே காணோம். ஒருத்தி தண்ணீர் சுமந்தாள், ஒருத்தி துணி அலசினாள், ஒருத்தி குனிந்து அண்டா தேய்த்தாள்.

பையனின் அம்மா மாயம்மாள் சிரித்தாள். "ராணி எதுக்கு? இந்தா அண்டா தேய்க்கிறாளே, இவ எங்க மூத்த மருமக. துணி அலசுற எடம் உங்க பொண்ணுக்கு!"

நாச்சிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளைப் பையன் சிவபிரகாஷும் சேர்ந்து பல்லைக் காட்டினான். அந்த இளிப்பை ராக்கம்மாள் முறைத்துப் பார்த்தாள். இவனுக்கா நம்ம பிள்ளை?

அதற்குள் இலை போட்டாகிவிட்டது. மூத்த மருமகள் வந்து சோறு வைத்தாள். அவள் சிரிக்கவில்லை. கண்ணுசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

"எந்திரிண்ணே."

"செத்த இரு ராக்கு, ஒரு வாய்..."

"அந்த ஒரு வாய்ல உம்மக பொழப்பு போயிரும். எந்திரி!"

நாச்சிமுத்துவின் முகம் கறுத்தது. "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா இம்புட்டு? இலையில உக்காந்துட்டு எந்திரிச்சா என்ன அர்த்தம்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். எவனோ கட்டுன கோட்டைக்குச் சந்தனம் வைக்கிறீக. வீட்டுக்கு வாழ வந்தவளை அண்டாவோட சேத்துவச்சுச் சிரிக்கிறீக. இந்தப் பவுசுக்கு எங்க பொண்ணு ஒரு கேடா?"

கண்ணுசாமி அப்போதும் எழவில்லை. தங்கச்சியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சபலம் பிடித்த மனுசன். விரல் சோற்றை நோக்கிப் போனது.

மூத்த மருமகள் குனிந்தாள். அவர் விரல் படுவதற்குள் சோற்றோடு இலையை உருவி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.