இருபத்தொன்பது வரி

ரசமட்டம் என்றால் அந்த வட்டாரத்துக் கட்டட வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கொத்துக்கரண்டி பிடித்து முப்பது வருஷம். இப்போது இருபது ஆள் வைத்து வேலை வாங்குகிற காண்ட்ராக்டர். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமலே, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, “அரை நூல் சாய்ஞ்சிருக்குப்பா” என்பார். குண்டு விட்டுப் பார்த்தால் அரை நூல்தான் இருக்கும். மட்டம் பார்க்கிற கருவியின் பெயரே அப்படிப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட ஆளைப் பார்த்து, உனக்குச் சுவர் கட்டத் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுவிட்டார்கள். வருகிற வருஷத்திலிருந்து சர்டிபிகேட் இல்லாதவன் ஆள் உயரத்துக்கு மேல் எந்தச் சுவரையும் ஒப்பந்தம் எடுக்கக் கூடாதாம். செய்முறைத் தேர்வு ஒன்று, கேள்வித்தேர்வு ஒன்று. கேட்டால் சட்டம் என்றார்கள். மற்ற காண்ட்ராக்டர்கள் எல்லாம் அந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்தார்கள். ரசமட்டம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் சரியாகத்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியும் என்பதுதான் சங்கடமே.

செய்முறை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவர் எழுப்பிய மூலைச் சுவரை மூன்று பேர் மூன்று பக்கம் நின்று அளந்துவிட்டு, பேசாமல் முழு மதிப்பெண் போட்டார்கள். கேள்வித்தாள்தான் வில்லங்கம். எழுத்துக்கூட்டிக் கடைப் பலகையை வாசிப்பார், கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. வாசிக்க முடியாதவர்கள் வீட்டாள் ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. வீட்டாள் கேள்வியை வாசிக்க வேண்டும், சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுத வேண்டும். சொல்லிக்கொடுத்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

“டாக்டர் கையெழுத்தையே படிச்சு மாத்திரை எடுத்துக் குடுக்கறவ நான். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?” என்றாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் அவளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ்.

கேள்வித்தேர்வுக்கான விண்ணப்பத்தையும் அவள்தான் நிரப்பினாள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே எழுதியவள் பதினாலாவது கட்டத்தில் நின்றாள். ‘உங்கள் பொறுப்பில் நடந்த வேலையில் உயிர்ச்சேதம் உண்டா? உண்டெனில் காரணம்.’

அவரைக் கேட்கவில்லை. ‘ஒன்று. மழையிலும் காற்றிலும் சுவர் விழுந்தது’ என்று எழுதி, அதை அவருக்கு வாசித்தும் காட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

செத்தது அவளுடைய தம்பி. ஒன்பது வருஷம் ஆயிற்று. ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் வேலை. அக்கா புருஷனிடமே கரண்டி பிடிக்கக் கற்று, அவருக்கு வலது கையாக இருந்தவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் திடீரென்று பிடித்த மழையில் சுவரைத் தார்ப்பாயால் மூடப் போனான். சுவர் அவன் மேல் சரிந்தது. மழைதான் கொன்றது என்று ஊரே சொன்னது. அவளும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். அதை மறுத்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆள், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மென்று முழுங்கினார்.

உண்மை இதுதான். சாந்து இறுகாத சுவரை ஒரே நாளில் அஞ்சடிக்கு மேல் ஏற்றக் கூடாது. கொத்து வேலைக்கு வந்த முதல் மாதமே காதில் விழுகிற சங்கதி. ஆனால் மறுநாள் காலையில் வேறொரு இடத்தில் வேலை தொடங்குவதாக ரசமட்டம் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறாதவர் என்ற பெயர் வேறு! ஒரே நாளில் சுவரை முடித்துவிட்டார். மழை வராவிட்டாலும் அது நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

தேர்வுக்கு இருநூறு கேள்வி கொண்ட புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். காலையில் அவர் டீ குடிக்கிற நேரத்தில், அவள் தலைவாரிக்கொண்டே ஒவ்வொன்றாக வாசிப்பாள். அவர் புத்தகத்தோடு சண்டைக்குப் போவார்.

“செங்கல்லைக் கட்டறதுக்கு முன்னாடி தண்ணியில எவ்வளவு நேரம் ஊறப் போடணும்?”

“நுரை அடங்கற வரைக்கும்.”

“மணிக்கணக்குல சொல்லுங்க.”

“செங்கல்லு என்ன வாட்ச்சு கட்டிக்கிட்டா ஊறுது?”

அவள் சிரிப்பாள். தம்பி போன பிறகு அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அந்தச் சிரிப்புக்காகவே சில பதில்களை அவர் வேண்டுமென்று கோணலாகச் சொன்னார்.

ஆனால் நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியில் கோணல் தானாக வந்தது. “ஒரே நாளில் செங்கல் சுவரை அதிகபட்சம் எத்தனை அடி உயர்த்தலாம்?”

“எட்டடி” என்றார்.

“தப்பு. அஞ்சடி. பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கு பாருங்க. நட்சத்திரக் கேள்வியில தப்பு விட்டா மத்தது எல்லாம் சரியா இருந்தாலும் பெயிலாம்.”

மறுநாளும் எட்டடி. அதற்கு மறுநாளும். அஞ்சு என்ற சொல் நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் எதிரில் அதைச் சொல்லிவிட்டால், அன்றைக்கும் தெரிந்துதானே இருந்தது என்று ஆகிவிடாதா? தெரியாதவனாக இருப்பதில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. அதை விட்டு வெளியே வர அவருக்குத் தைரியமில்லை.

“உங்களுக்கு என்னதான் ஆச்சு? இருநூறுல நூத்தித் தொண்ணூத்தொம்பது சரியா சொல்றீங்க” என்று அவள் அலுத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். “அடியில வரலைன்னா விடுங்க. நீங்க எப்பவும் வரியிலதானே கணக்கு வைப்பீங்க? எத்தனை வரி?”

ஒரு வரிசைச் செங்கல் ஒரு வரி. கொத்தனார் வாயில் உயரம் அப்படித்தான் வரும். அவர் யோசிக்கவே இல்லை.

“இருபத்தொம்பது.”

அவள் சீப்பைக் கூந்தலில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். “அது என்னங்க கணக்கு? முப்பதுமில்லாம இருபத்தஞ்சுமில்லாம?”

குத்துமதிப்பாகச் சொல்கிறவன் இருபத்தொன்பது என்று சொல்ல மாட்டான். எண்ணிப் பார்த்தவன்தான் சொல்வான். சுவர் விழுந்த மறுநாள், சிதறிக் கிடந்த கல்லையெல்லாம் எடுத்த பிறகு, விழாமல் நின்ற ஒரு மூலையை அவர் விரல் வைத்து எண்ணியிருந்தார். இருபத்தொன்பது.

“சும்மா வாயில வந்துச்சு” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கேள்வித்தேர்வு அன்று மேஜைக்கு எதிரில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். மனைவி நாற்பது கேள்விகளை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். முப்பத்தொன்றாவது கேள்வி வந்தபோது அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. பாவம், அவர் தப்பு விடுவாரே என்ற பயம் அவளுக்கு.

“ஒரே நாளில் செங்கல் சுவரை அதிகபட்சம் எத்தனை அடி உயர்த்தலாம்?”

இருபது குடும்பம் இந்தப் பதிலில் இருந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

“அஞ்சடி. பதினேழு வரி.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுதினாள், எழுதிக்கொண்டே மேஜைக்கு அடியில் தன் காலால் அவர் காலைச் செல்லமாக ஒரு இடி இடித்தாள். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போன இடங்களில் அப்படி இடிப்பாள். அந்த ஒரு இடியை அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

முடிவில் எல்லாம் தேறிவிட்டது. அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார். “இதுல எழுதியிருக்கறது எல்லாம் சரிதானே? சரின்னா கையெழுத்துப் போடுங்க. சர்டிபிகேட்டை இப்பவே வாங்கிட்டுப் போகலாம்.”

“ஒண்ணு சரியில்லைங்க” என்றார் ரசமட்டம். “பதினாலாவது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“மழை பெஞ்சது நிஜம். ஆனா சுவர் விழுந்தது மழையால இல்ல. ஒரே நாள்ல இருபத்தொம்பது வரி ஏத்தினேன். ஏத்தக் கூடாதுன்னு தெரிஞ்சே ஏத்தினேன்.”

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். “இதை மாத்தினா இன்னைக்கு உங்களுக்குச் சர்டிபிகேட் இல்ல. விசாரணைக்குப் போகும். அப்புறமும் கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. புரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“புரியுதுங்க.”

“அப்போ அவர் சொல்றதை எழுதுங்கம்மா” என்று வாக்குமூலப் படிவம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

விதி அப்படி. வேறு யாராவது எழுதக் கூடாதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. அவள் பேனாவை எடுத்தாள். ‘இருபத்தொன்பது’ என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

“வரின்னு எழுதவா, அடியில எழுதவா?” குரலில் ஒன்றுமே இல்லை.

“வரின்னே எழுது.”

எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். ஒன்பது வருஷம் அடைத்து வைத்தது, பாதியில் நிற்க மறுத்தது.

“அவன் வேணாம்னான். ‘இன்னைக்கு இது போதும் மாமா, மிச்சத்தை நாளைக்கு ஏத்துவோம்’னு ரெண்டு தடவை சொன்னான். நான்தான் அதட்டி ஏத்த வெச்சேன். அதையும் எழுது.”

பேனா நின்றது. தம்பி கடைசியாக என்ன பேசினான் என்று அவள் எத்தனை தடவை அவரிடம் கேட்டிருப்பாள்! ஒன்றும் பேசவில்லை, வேலை மும்முரத்தில் இருந்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார்.

அவள் அதையும் எழுதினாள். ‘இரண்டு தடவை’ என்பதை விடாமல் எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி. மருந்துச் சீட்டில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நோயாளிக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். ரசமட்டம் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி தாளை வாங்கிச் சரிபார்த்தார். அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. வாசித்து எழுதியவரின் உறவு முறை.

“இதை நிரப்பலையேம்மா. நீங்க என்ன உறவு?”

ரசமட்டம் அவள் முகத்தைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“செத்தவனுக்கு அக்கா” என்றாள்.