உப்புச் சுற்று

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டை லிண்டா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டுக்கு அடியிலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். செல்லரித்த மரத்தூள்.

வெளியே புன்னக்காயல் ஊரே கூடியிருந்தது. தம்பி அஜின் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். உள்ளே குடைராட்டினம். உடைந்த தோணியின் பாய்மரத்தை நடுக்கம்பமாக நட்டு, பூட்டன் செதுக்கிய பன்னிரண்டு மரக்குதிரைகள்.

அதை வாங்கிப் பாதுகாக்க அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. “நூறு வருசத்துல ஒரு செல்லு ஏறல, பாத்துக்கிடும்” என்று அப்பா போனில் சொன்னார். அதன்பிறகு மூன்று வாரம் கொட்டகைக்குள் யாரையும் விடவில்லை. சாவி இன்று காலையில்தான் தலையணைக்கடியில் கிடைத்தது.

“பெட்டி எடுக்கையில ராட்டினம் சுத்தணும். பிள்ளையளா, ஏறுங்க” என்றான் அஜின்.

லிண்டா வெளியே வந்தபோது அவள் மகள் கிரேஸி முதல் குதிரையில் இருந்தாள். நடுக்கம்பம் என்றுமில்லாத நீலத்தில் பளபளத்தது. மரத்துளை அடைக்கும் மெழுகின் வாடை.

“பிள்ளையள எறக்குலே.”

“என்னக்கா?”

ஊரே அவளைப் பார்த்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“முதல் சுத்து உப்பு மூடைக்குத்தான? இந்த வருசம் இன்னும் சுத்தல.”

ஒவ்வொரு திருநாளுக்கும் அப்படித்தான். குதிரைகள் முதலில் உப்பைச் சுமக்கும்; பிறகுதான் பிள்ளைகளை.

“சாவு வீட்டுல உப்புச் சுத்தா! கோயில்ல சாமியாரு காத்துக் கெடக்காரு” என்றான் அஜின்.

“ஏத்துலே” என்றார் பெனோ மாமா. “ஒங்கப்பன் எஸ்றா கட்டுன பொண்டாட்டிய விட உப்பு மூடையத்தான் நம்புவான்.”

சிலர் சிரித்தார்கள். கிரேஸி அழுதுகொண்டே இறங்கினாள். மூலையில் கிடந்த மூடைகள் குதிரைகளின்மேல் ஏறின. நான்கு பேர் தள்ளினார்கள். முதல் சுற்றில் ஒரு சத்தமும் இல்லை.

“போதும்லா?”

“இன்னொண்ணு” என்றாள் லிண்டா.

இரண்டாவதில் கம்பத்துக்குள் ஏதோ முனகியது. தள்ளியவர்கள் கையெடுத்து விலகினார்கள். ராட்டினம் தானாகவே இன்னும் பாதிச் சுற்று போனது. பெயிண்ட் தோல் போலப் பிளந்தது. குடை பைய ஒருபக்கம் சாய, முதல் குதிரை முகம் குப்புற விழுந்தது. மூடை கிழிந்து உப்பு வாசல்வரை சிதறியது.

பிளவிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டே இருந்தது.

அஜின் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிளவின்மேல் இறுக்கிக் கட்டினான். பிறகு வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான்.

தூக்கியவர்கள் உப்பை மிதிக்காமல், ராட்டினத்தை ஒருமுறை சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள்.