ஹீட்டர் வியர்த்த வாரம்

இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டுமென்று பக்கத்து வீட்டு ஒய்திலா குளியலறை கேஸ் ஹீட்டரைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினாள். சுல்ஹுமோர் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“அத விடுங்க. அடுப்புல வச்சுக் காய்ச்சுங்க.”

காலையில் அந்த ஹீட்டருக்குக் கீழேதான் சுல்ஹுமோரின் கணவர் எர்காஷ் கிடந்தார், பாதி முகத்தில் சவர நுரையோடு. ஒரு தும்மல்கூட இல்லாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். கதவை உடைக்கும்போதுகூட, குளியலறையிலேயே தூங்கிட்டாரா என்று அவள் திட்டிக்கொண்டுதான் நின்றாள். இன்னும் அழுகை வரவில்லை.

விசாரிக்க வந்திருந்த கேஸ் ஆபீஸ்காரர் ஹீட்டரின் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார். “அக்கா, ஹீட்டர் மேல தண்ணி நின்னுச்சா?”

“ஒரு வாரமா. ஒழுகுதுன்னு கிண்ணம் வச்சேன். ரிப்பேர் பண்ணுங்கன்னு தினம் சண்டை. ‘குழாய் ஒழுகல, உன் வாய்தான் ஒழுகுது’ன்னாரு.”

“ஒழுகலதான். பச்சத்தண்ணி ஓடுற குழாய்ல கேஸ் எரிஞ்ச ஆவி பட்டா வியர்க்கும். எல்லா வீட்லயும் அப்படித்தான், சூடானதும் காஞ்சுடும். ஜன்னல்லயும் வழிஞ்சுதா?”

“தினமும் துடைச்சேன்.”

“அப்படின்னா புகை வெளிய போகாம உள்ளயே திரும்பியிருக்கு. அதுல இருக்குற விஷத்துக்கு வாசனை கிடையாது.”

முற்றத்திலிருந்து மகன் இஸ்பந்தியாரின் குரல் வந்தது. “அம்மா, அப்பாவோட பஞ்சு மேலங்கி எங்க? ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க, நான் வாசல்ல நிக்கணும்.” சாவு வீட்டில் மகன் மேலங்கி போட்டு, இடுப்பில் துணி கட்டித்தான் வாசலில் நிற்க வேண்டும்.

அவள் பார்வை சுவரின் அடிப்பக்கம் போனது.

கேஸ்காரர் சுவரோரம் குனிந்தார். காற்று வருவதற்காக விட்டிருந்த துளைக்குள் கையை விட்டு இழுத்தார். நீலக் கோடு போட்ட கை ஒன்று வந்தது, பிறகு முழு மேலங்கியும் வந்தது.

“இது வழியா காத்து வந்தாத்தான் புகை மேல போகும். யாரு இத அடைச்சது?”

இஸ்பந்தியார் அதற்குள் கதவருகே வந்துவிட்டான்.

“நான்தான்,” என்றாள். “குளிக்கையில குளிர்காத்து வந்து முதுகு விறைக்குதுன்னாரு. பழைய துணிதானேன்னு…”

ஒய்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் அம்மாவைப் பார்த்தான். மேலங்கியை வாங்கி உதறிப் போட்டுக்கொண்டான், துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சுல்ஹுமோர் ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் முதுகில், துளையின் அளவுக்கு வட்டமாகப் பனி ஈரம் இருந்தது. முதலில் வந்த பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு நனைந்த கையைத் தன் அங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.